ஹஸ்தம்பட்டி மாடியில் எட்டு ஞாயிறு: பழைய ஹெவிவெயிட் சாம்பியன்களைப் பாடமாக வைக்கும் வகுப்பு எப்படி?

ஜோ லூயிஸ் பெரிய ஆளா, முகமது அலி பெரிய ஆளா என்று டீக்கடையில் ஆரம்பிக்கும் சண்டைக்கு முடிவே கிடையாது. சேலம் ஹஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு குத்துச்சண்டைக் கூடம் அந்தச் சண்டைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. எட்டு ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 முதல் 7.30 வரை. முதல் ஒரு மணி நேரம் சுவரில் பழைய சண்டைப் படம். அடுத்த ஒரு மணி நேரம் படத்தில் பார்த்த ஒரே ஒரு விஷயத்தை பேக்கில் (தொங்கவிட்ட குத்துப்பையில்) அடித்துப் பார்ப்பது. கடைசி அரை மணி விவாதம். மொத்தமாகக் கட்டினால் ரூ.2,800, வாராவாரம் கொடுத்தால் ரூ.400. ஒரு பிரிவில் 14 பேர், பேக் நான்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பேக் முன்னால் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். கடைசி அரை மணியில், யார் பெரிய ஆள் என்று வெள்ளைப் பலகையில் பத்துப் பெயரை எழுதி எழுதி அழிக்கும் நேரத்தில், கீழே இறங்கிப்போய் ஒரு தட்டுவடை செட்டு வாங்கிச் சாப்பிடுவது உத்தமம்.

முதல் வாரம் ஜாக் ஜான்சன். 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸைத் தோற்கடித்து, ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனவர். வரும் குத்தைத் திறந்த உள்ளங்கையில் வாங்குவது, எதிராளி கையை ஓங்கும் முன்பே அவர் புஜத்தில் கை வைத்து அமுக்கிவிடுவது, இந்த இரண்டும்தான் பாடம். ஜோடியாக நிறுத்தி, ஒருவர் பாதி வேகத்தில் ஜாப் (முன் கையால் நேராகப் போடும் குத்து) போட, மற்றவர் வலது உள்ளங்கையை முகவாய்க்கு அரைச் சாண் முன்னால் வைத்து வாங்க வேண்டும். எட்டிப்போய்ப் பிடிக்கிறவர்களுக்கு முகம் திறந்து கிடக்கும்; அடுத்தது பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்காக வந்தால் காது போச்சு. இதை மாஸ்டர் முதல் பத்து நிமிடத்திலேயே ஒவ்வொருவர் காதிலும் மெல்லத் தட்டிக் காட்டிவிடுகிறார்.

கோளாறு படத்தில்தான். அந்தக் காலத்துக் கேமரா கையால் சுற்றியது. நொடிக்கு 16, 18 சட்டகம்தான் இருக்கும். அதை 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் ஜான்சனும் அவரோடு மோதிய முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரிஸும் சாவி கொடுத்த பொம்மை மாதிரித் துள்ளுகிறார்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், ‘அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று அங்கேயே ஒரு தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். பிளேயரில் வேகத்தை 0.75-க்கு இறக்கினால் போதும், ஜான்சன் எவ்வளவு நிதானமாகக் கால் வைத்தார் என்பது தெரிந்துவிடும். 1915-இல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் அவர் விழுந்தது 26-ஆம் சுற்றில். அத்தனை சுற்று போகும் சண்டையில் அவசரப்படுகிறவன்தான் முட்டாள்.

வகுப்பின் உச்சம் இரண்டாம் வாரம், ஜோ லூயிஸ். மாஸ்டர் முதலில் போடுவது லூயிஸ் தோற்ற சண்டை: 1936 ஜூன், நியூயார்க், மாக்ஸ் ஷ்மெலிங். லூயிஸ் ஜாப் போட்டுவிட்டு இடது கையை முகவாய்க்குக் கொண்டுவராமல் கொஞ்சம் தாழ்வாக இழுப்பார். ஷ்மெலிங் அதை முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். 4-ஆம் சுற்றில் அந்தச் சந்து வழியாக வலது கை நுழைந்து லூயிஸைத் தரையில் உட்கார வைத்தது. 12-ஆம் சுற்றில் ஆட்டமே முடிந்தது. அதையடுத்து 1938 ஜூன் 22, அதே இருவர், 124 வினாடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி இடது கையை மட்டும் பார்க்கச் சொல்கிறார். இந்த ஒரு ஏற்பாட்டுக்கே ரூ.400 தகும்.

பிறகு பேக். பக்கத்தில் ஒருவர் நீச்சல் குளத்து ஸ்பாஞ்ச் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஜாப் போட்டவரின் கை தாழ்வாகத் திரும்பினால் குழாய் அவர் தாடையில் வந்து விழும். 2 நிமிடச் சுற்று மூன்று, சுற்றுக்கு 30 ஜாப், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. “கை போன வழியிலயே திரும்பி வரோணும் தம்பி, ஊரைச் சுத்திட்டு வரக் கூடாது” என்பது மாஸ்டரின் ஓயாத பாட்டு. முதல் சுற்றில் எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். தோள் தளர்ந்து கை விழுவது மூன்றாம் சுற்றில். அப்போது சிலர் கையை இழுப்பதற்குப் பதிலாகத் தோளைப் பின்னால் இழுத்துச் சமாளிப்பார்கள். உடம்பே திரும்பிக்கொள்ளும், அடுத்த வலது கைக்கு வழி இருக்காது. முழங்கை வெளியே விரிவது இன்னொரு தப்பு. அதைச் சுவரை ஒட்டி நின்று ஜாப் போட்டால் சரிசெய்யலாம்; முழங்கை விரிந்தால் சுவரில் உரசும்.

லூயிஸின் கால்தான் எல்லோரும் தவறாகப் படிப்பது. பார்க்க மந்தமாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு அடியும் அரைப் பாதம்கூட இருக்காது, கால்கள் ஒன்றையொன்று தாண்டாது, எந்த நொடியில் நிறுத்தினாலும் இரண்டு கையாலும் அடிக்கும் நிலையில் இருப்பார். ஆறு அங்குல தூரத்தில் போட்ட குத்தில் ஆளைச் சாய்த்தது அதனால்தான். இதைக் காப்பியடிக்கிறவர்கள் குதிகாலைத் தரையில் ஊன்றிவிடுகிறார்கள். அப்புறம் இடுப்பு திரும்பாது. பின்னங்காலின் குதிகாலுக்கு அடியில் ஒரு தாள் நழுவும் அளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்வது நல்ல அளவுகோல்.

விவாத நேரத்தில் வந்தது 25 என்ற எண். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தார், ஆகவே பேச்சே கிடையாது என்று பலகையில் முதலிடம் கொடுத்தாயிற்று. 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை மாதம் ஒன்று வீதம் ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் பலர் சாதாரண ஆட்கள்தான். ஆனால் ஏழாவதாக வந்த பில்லி கானைப் பாருங்கள்: எடை குறைந்த லைட் ஹெவிவெயிட் பிரிவிலிருந்து ஏறி வந்தவர், 12 சுற்று வரை லூயிஸை ஓடவைத்தார், 13-ஆம் சுற்றில் நாக்அவுட்டுக்கு ஆசைப்பட்டு நின்று அடிக்கப் போய், சுற்று முடிய 2 வினாடி இருக்கும்போது விழுந்தார். எண்ணைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் அந்த 13-ஆம் சுற்றை ஓட்டிக் காட்டியிருந்தால், லூயிஸ் காத்திருந்து அடித்த விதம் புரிந்திருக்கும்.

மூன்றாம் வாரம் ராக்கி மார்சியானோ. இந்த வாரத்துக்கு மட்டும் காலையிலும் ஒரு வகுப்பு: ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஓட்டம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, இவர்கள் போவது நான்காவது வரை. அது சரியான முடிவுதான். சமதளத்தில் 5 கிலோமீட்டர் ஓடிப் பழகியவருக்கே இரண்டாவது வளைவில் கெண்டைக்கால் இறுகும். ஏறும்போது அடியைச் சுருக்கி முன்பாதத்தில் போக வேண்டும். இறங்கும்போது ஓடாதீர்கள், முழங்கால் போவது இறக்கத்தில்தான். 5.30-க்கு ஆரம்பித்தால் 6.30-க்குள் முடித்துவிடலாம். அதன் பிறகு சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டும், வளைவின் உள்பக்கத்தில் ஓடுகிறவர் கண்ணுக்கே தெரியமாட்டார். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களை குரங்குகள் கவனித்துக்கொள்ளும்.

இந்த ஓட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. மார்சியானோவுக்குக் கை நீளம் சுமார் 68 அங்குலம், எடை 84, 85 கிலோ. ஹெவிவெயிட் சாம்பியனுக்கு இது குறைவோ குறைவு. பத்து அடி வாங்கி ஒன்று கொடுக்கும் ஆட்டத்துக்குக் கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றின் மூச்சு வேண்டும். 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட் அவரை முதல் சுற்றிலேயே கீழே தள்ளினார்; 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர் கணக்கிலும் மார்சியானோ பின்னால்; 13-ஆவதில் ஒரே ஒரு குட்டையான வலது கை. பேக்கில் சொல்லித்தருவது அந்த வலது கையை. முழங்காலை மடக்கி, தலையை எதிராளியின் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, தோளுக்கு மேலாக வளைத்துப் போடுவது. தப்பு எங்கே வருகிறது என்றால், எல்லோரும் முழங்காலுக்குப் பதில் இடுப்பை வளைக்கிறார்கள். கண் தரையைப் பார்க்கும், குத்து பேக்கின் ஓரத்தில் வழுக்கும், கட்டைவிரல் சிக்கும். அன்று இருவர் ஐஸ் வைத்துக்கொண்டு போனார்கள்.

49-க்கு 49, தோல்வியே இல்லை என்பது இந்த வாரத்து விவாதம். எதிரே நின்றவர்களுக்கு வயதாகிவிட்டது என்ற பதிலும் வழக்கம்போல வந்தது. வால்காட்டுக்கு 38, 1951-இல் மார்சியானோவிடம் விழுந்த லூயிஸுக்கு 37. உண்மைதான். ஆனால் எஸார்ட் சார்ல்ஸுக்கு 1954 ஜூனில் 33 வயதுகூட ஆகவில்லை. அவர் மார்சியானோவுடன் 15 சுற்று நின்றார். மறு சண்டையில் மார்சியானோவின் மூக்கைப் பிளந்துவிட்டு 8-ஆம் சுற்றில் விழுந்தார். அந்த இரண்டு சண்டையும் வகுப்பில் இல்லவே இல்லை. வயதுக் கணக்கு போடுகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியதே அதுதான்.

அலிக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்றே போதும். 1980-இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டவர் என்பதால் நம் ஊரில் அவருக்குத் தனிப் பாசம் உண்டு. அது வகுப்பிலும் தெரிகிறது. ஆனால் அவரிடம் கற்றுக்கொள்வது கடினம், கெட்டுப்போவது எளிது. கையைத் தொங்கவிட்டு, தலையை நேராகப் பின்னால் சாய்த்து அவர் தப்பித்தது 1960-களின் காலும் கண்ணும் இருந்ததால். மூன்றரை ஆண்டு தடைக்குப் பிறகு 1970-இல் திரும்பிவந்தபோது கால் பழைய கால் இல்லை. 1971 மார்ச்சில் 15-ஆம் சுற்றில் ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக் அவரைப் படுக்கவைத்தது. வகுப்பில் பாதிப்பேர் கையைத் தொங்கவிட்டு ஆடிப்பார்க்க, மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை. இது பெரிய குறை. ஸ்பாரிங்கில் (ஜோடியாக மோதிப் பழகுவதில்) இந்தப் பழக்கம் வந்தால் விடுவிக்க மாதக்கணக்கு ஆகும்.

1974-இல் கின்ஷாசாவில் அலி ஜார்ஜ் ஃபோர்மனோடு போட்ட சண்டையைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதையையே இவர்களும் சொல்கிறார்கள்: கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி ஃபோர்மனைக் களைக்கவைத்தார், 8-ஆம் சுற்றில் சாய்த்தார். ஆனால் முதல் சுற்றைப் பாருங்கள். அலி ஜாப் இல்லாமலே நேராக வலது கையைப் போடுகிறார், திரும்பத் திரும்ப. தொழில்முறைச் சண்டையில் அப்படிச் செய்வது எதிராளியை அவமதிக்கிற மாதிரி. பின் கை தொலைவிலிருந்து வருவதால் பார்த்துத் தடுக்க நேரம் உண்டு. ஃபோர்மன் அதற்குத் தயாராக இல்லை. கற்றுக்கொள்ளத்தக்க வித்தை அங்கே கிடக்கிறது. கூடத்தில் ரிங்கின் இரண்டு பக்கம் சுவர், இரண்டு பக்கம் மட்டும் கயிறு. அந்தக் கயிறும் கட்டிலுக்குக் கட்டின மாதிரி விறைப்பு. அதில் சாய்ந்தால் களைப்பது சாய்கிறவர்தான்.

ஆறாம் வாரம் ஃப்ரேசியரும் ஃபோர்மனும். இங்கே வகுப்பு மறுபடி நிமிர்கிறது. சின்ன வயதில் பட்ட அடியால் ஃப்ரேசியரின் இடது கை முழுதாக நீளாது. நீளாத கையை வைத்து உலகின் சிறந்த ஹூக்கைச் செய்தார் என்று சொல்லி, ஹூக்கைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார் மாஸ்டர். இடது முழங்கால் மடங்கி எடை அந்தக் காலில் இறங்க வேண்டும். இடது பாதம் முன்பகுதியில் திருகும்போது இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்ப வேண்டும். கை வளைந்த நிலையிலேயே பூட்டிக்கொண்டு உடம்போடு வர வேண்டும். கையை மட்டும் வீசுகிறவர் ஐந்து ஹூக்கில் தோள் வலி என்பார். முழங்கை முஷ்டிக்குக் கீழே தொங்கினால் மணிக்கட்டு மடங்கும். அறைக்குக் குறுக்கே தோள் உயரத்தில் துணி காயப்போடும் கயிறு கட்டி, அதன் கீழே குனிந்து அந்தப்பக்கம் எழுந்து ஹூக், மறுபடி குனிந்து இந்தப்பக்கம் ஹூக் என்று போகவைக்கிறார்கள். 3 மீட்டர் கயிற்றைப் போய்த் திரும்ப ஒரு நிமிடத்தில் நான்கு முறை முடித்தால் நல்ல கால்.

உடனே அதற்கு மருந்தையும் காட்டுகிறார்: 1973 ஜனவரி, கிங்ஸ்டன். குனிந்து எழும் தாளம் மாறாமல் வந்த ஃப்ரேசியரை ஃபோர்மன் இரண்டு கையாலும் தள்ளி நிறுத்தி, எழும் நேரம் பார்த்து, கீழிருந்து மேலே போகும் அப்பர்கட் வைத்தார். இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை விழுந்தார் ஃப்ரேசியர். அந்த ஃபோர்மன் அடுத்த ஆண்டு அலியிடம் விழுந்தார். அலியோ முதல் சண்டையில் ஃப்ரேசியரிடம் தோற்றவர். இந்த மூவரை மட்டும் எடுத்துக்கொண்டு பலகையில் வரிசைப்படுத்திப் பாருங்கள், யாரை மேலே எழுதினாலும் ஒரு கோடு உதைக்கும். கைக்கு மருந்து கால், காலுக்கு மருந்து வேறொரு கை என்றுதான் போகிறது. இதைச் சொல்லிக்கொடுத்த அதே மாலை ‘டாப் 10’ எழுதுவது ஏன் என்று புரியவில்லை.

ஏழாவதான மைக் டைசன் வாரம் எதிர்பார்த்ததைவிட நன்று. நாக்அவுட் தொகுப்பு ஓட்டிக் கைதட்டு வாங்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அதற்குப் பதில் ஒரு துணிப்பையில் அரை கிலோ கேழ்வரகு கட்டி மூக்கு உயரத்தில் தொங்கவிட்டு ஆட்டிவிட்டார்கள். இரண்டு முஷ்டியும் கன்னத்தில், பை வரும்போது தலையை நான்கு அங்குலம் மட்டும் ஓரம் நகர்த்த வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், பையிலிருந்து கண் எடுக்கக் கூடாது. ஒரு சாண் நகர்ந்தால் அடிக்கும் தூரத்தை விட்டுப் போய்விடுவீர்கள். பயிற்சியாளர் கஸ் டமாட்டோ வளர்த்த இந்த முறையில்தான் ஃபிளாய்ட் பேட்டர்சன் 1956-இல் 21 வயதில் சாம்பியன் ஆனார், டைசன் 1986-இல் 20 வயதில். 5 அடி 10 அங்குல உயரத்துக்கு வேறு வழியும் இல்லை. 1990 பிப்ரவரி டோக்கியோவில் தலை நகரவில்லை. பஸ்டர் டக்ளஸின் ஜாப் ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது. கண் வீங்கியபோது அமுக்குவதற்கான குளிர்ந்த உலோகக் கட்டிகூட டைசனின் மூலையில் இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்குப் பாராட்டு.

எட்டாம் வாரம்தான் மனத்தாங்கல். ஹோம்ஸ், ஹோலிஃபீல்ட், லூயிஸ் (லெனாக்ஸ்), கிளிட்ச்கோ, இரண்டாம் முறை வந்த ஃபோர்மன், எல்லோரும் ஒரே மாலையில். அலிக்கு ஐந்து மணி நேரம், லாரி ஹோம்ஸுக்கு 20 நிமிடம். ஜாப் கற்க வந்தவனுக்கு இதைவிட அநியாயம் இல்லை. ஜோ லூயிஸின் ஜாப் பின்னால் வரும் வலது கைக்குக் கதவைத் திறக்கும். ஹோம்ஸின் ஜாப் அதுவே சண்டை. நகர்ந்துகொண்டே போடுவார், ஒன்றைப் பாதியில் நிறுத்தி இரண்டாவதை முழுதாக விடுவார், கை திரும்பும்போது சாட்டை மாதிரிச் சொடுக்கும். 1978 ஜூனில் கென் நார்ட்டனோடு 15-ஆம் சுற்று வரை சமநிலை. இடது கைத் தசை கிழிந்த நிலையில் அதே கையை நம்பி ஆடி, ஒரு புள்ளியில் பட்டம் வாங்கினார். 20 முறை காத்தார். 48 வெற்றிக்குப் பின் 1985-இல் மைக்கேல் ஸ்பின்க்ஸிடம் தோற்றதால் மார்சியானோவின் கணக்கை ஒன்றில் தவறவிட்டார். அலிக்கு அடுத்து வந்ததுதான் அவர் செய்த ஒரே பிழை.

1994-இல் 45 வயது ஃபோர்மன், 1974-இல் அணிந்த அதே கால்சட்டையோடு வந்து மைக்கேல் மூரரை 10-ஆம் சுற்றில் வீழ்த்தியதைக் காட்டினார்கள். மூரர் இடது கைக்காரர். இடது கைக்காரர் எதிரே நின்றால் முன்கால் யார் காலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை அங்கே சொல்லியிருக்கலாம். எட்டு வாரத்திலும் இடது கைக்காரர்களுக்குக் கிடைத்தது “நீங்க அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க” மட்டும்தான்.

சாமான் விஷயம். நான்கு பேக்கில் மூன்று துணிக் கழிவு அடைத்தவை, நாள்பட்டு அடியில் இறுகி மேலே தொளதொளவென்று இருக்கின்றன. முகத்துக்கு அடிக்கும்போது மெத்தை, விலாவுக்கு அடிக்கும்போது கல். மாதம் ஒருமுறை தலைகீழாகத் தொங்கவிட்டால் தீரும், செய்வதில்லை. ஜன்னல் ஓரம் நான்காவதாகத் தொங்குவதுதான் சீராக இருக்கிறது, ஐந்து நிமிடம் முன்னால் போனால் அதைப் பிடிக்கலாம். கூடத்தில் இரவல் தரும் 10 அவுன்ஸ் கையுறைகளில் பஞ்சு முஷ்டியை விட்டு நகர்ந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேக்குக்கு 12 அவுன்ஸ், ஜோடிப் பயிற்சிக்கு 16 கொண்டுபோங்கள். கைக்கட்டுத் துணி 4.5 மீட்டர் வாங்குங்கள். 2.5 மீட்டர் கட்டினால் மணிக்கட்டில் மூன்று சுற்று, உள்ளங்கையில் மூன்று சுற்று போட்டு விரலிடுக்கில் நுழைக்கும்போதே தீர்ந்துவிடும், கடைசியில் மணிக்கட்டை இறுக்க மிச்சம் இருக்காது. மார்ச்சுக்குப் பிறகு சேருகிறவர்கள் 2 லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகவும். மேலே தகரக் கூரை, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று புரொஜெக்டர் பக்கம் திரும்பி நிற்கிறது.

அடுத்த பிரிவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அலியின் இரண்டு வாரத்தில் ஒன்றை ஹோம்ஸுக்கு மாற்றியிருக்கிறார்களா? மாற்றியிருந்தால் ரூ.2,800 மொத்தமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் வாராவாரம் ரூ.400 கொடுத்து 2, 3, 6, 7-ஆம் வாரங்களுக்கு மட்டும் போங்கள், ரூ.1,600-இல் முடிந்துவிடும்.